காவிரி டெல்டா கடற்கரையில் இயற்கை வெளிச்சத்தில் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்ளிடம் கடலில் சேரும் பழையாற்றிலிருந்து தெற்கே கோடியக்கரை வரை, அங்கிருந்து மேற்கே திரும்பி முத்துப்பேட்டை வரை நீள்கிறது நம் டெல்டாவின் கடற்கரை. இங்கே படம் எடுக்க வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்களை எழுதியிருக்கிறேன். பெரிய கேமராவோ கையில் இருக்கும் போனோ, இரண்டுக்கும் இது பொருந்தும். ஃபிளாஷ் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

காலையில் எத்தனை மணிக்குக் கரையில் இருக்க வேண்டும்?

நாகப்பட்டினத்தை வைத்துச் சொன்னால், மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் சூரியன் ஐந்தே முக்காலை ஒட்டி எழும். ஜனவரி கடைசியில் ஆறரை ஆகிவிடும். மற்ற மாதங்கள் இதற்கு இடைப்பட்டவை. நீங்கள் அந்த நேரத்துக்கு நாற்பது நிமிடம் முன்பே போய்விடுங்கள். வானத்தில் மேலே இருக்கும் மெல்லிய மேகங்கள் சூரியன் வருவதற்குக் கால் மணி, இருபது நிமிடம் முன்பே சிவந்துவிடும். பல நாட்களில் அன்றைய நல்ல நிறமே அதுதான். அதற்குப் பிறகு அடிவானத்தில் ஒரு மேகத்திட்டு மறைத்துக்கொண்டு, சூரியன் தலைகாட்டப் பத்து நிமிடம் தாமதமாவது வங்கக் கடலில் சர்வ சாதாரணம்.

சீக்கிரம் போவதில் இன்னொரு வசதியும் உண்டு. விடியற்காலையில் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். அலையில் தெறிக்கும் உப்புத் துளி அப்போது லென்ஸில் வந்து அப்புவது குறைவு. வெயில் ஏறி, காற்று கடலிலிருந்து திரும்பி வீச ஆரம்பித்த பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கும்.

'கோல்டன் அவர்' என்று ஒரு மணி நேரக் கணக்குச் சொல்கிறார்களே, இங்கே அவ்வளவு நேரம் கிடைப்பதில்லையே?

கிடைக்காது. அந்தக் கணக்கு ஐரோப்பா போன்ற வடக்கு நாடுகளுக்குச் சரி. அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக ஏறும். நாம் இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே 10, 11 டிகிரியில். இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாகக் கிளம்பும். எழுந்து இருபத்தைந்து நிமிடத்தில் 6 டிகிரி உயரத்துக்குப் போய்விடும். நாற்பது நிமிடத்தில் 10 டிகிரி. அதோடு அந்த இளமஞ்சள் வெளிச்சத்தின் பெரும்பகுதி முடிந்தது. கோடையில் ஏழு மணி வெயிலே வெள்ளையாக அடிக்கும்.

அதனால் எங்கே நிற்பது, எதை எடுப்பது என்பதை முதல் நாள் மாலையே முடிவு செய்துவிடுங்கள். காலையில் இடம் தேடிக்கொண்டு நடந்தால் வெளிச்சம் நடையிலேயே போய்விடும்.

அந்த நேரத்து வெளிச்சம் ஏன் மஞ்சளாக இருக்கிறது? கண்ணுக்குத் தெரிந்த அந்த நிறம் படத்தில் வராதது ஏன்?

சூரியன் தாழ்வாக இருக்கும்போது அதன் ஒளி வளிமண்டலத்தை மிக நீண்ட தூரம் கடந்து வர வேண்டியிருக்கிறது. வழியில் நீலம் சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் மட்டும் நம்மிடம் வந்து சேர்கின்றன. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவால் சொல்வார்கள், எண் குறையக் குறைய மஞ்சளும் சிவப்பும் கூடும். உச்சி வெயில் 5500 கெல்வின் அளவில் இருக்கும் என்றால், எழுந்த கையோடு இருக்கும் சூரியன் 2500 கெல்வினை ஒட்டி இருக்கும்.

படத்தில் வராததற்குக் காரணம் கேமராவின் தானியங்கி ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு. மஞ்சளைக் கண்டால் அதைத் தவறு என்று நினைத்துச் சரிசெய்துவிடுகிறது. கேமராவில் ஒயிட் பேலன்ஸை 'டேலைட்' என்று நிறுத்திவிடுங்கள். இன்னும் கொஞ்சம் சூடு வேண்டுமானால் 'கிளவுடி'. போனில் புரோ மோடு இருந்தால் 5200, 5500 என்று எண்ணாகவே வைக்கலாம். ஒரு காலை முழுவதும் அதை மாற்றவே வேண்டாம். ஆறு மணிப் படம் சிவந்தும் ஏழு மணிப் படம் வெளிறியும் இருந்தால்தான் அந்தக் காலை நடந்தபடி பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் கவனியுங்கள். வெயில் படும் பக்கம் மஞ்சளாக இருக்கும் அதே நேரத்தில், நிழல் பக்கத்தில் விழுவது வானத்தின் நீலம். ஒரே படகின் இரண்டு பக்கமும் இரண்டு நிறம். இந்த இரண்டும் ஒரே படத்தில் இருந்தால்தான் மஞ்சள் மஞ்சளாகத் தெரியும். எல்லாமே மஞ்சளாக இருக்கும் படத்தில் வெயிலை உணர முடியாது.

சூரிய உதயம் எடுத்தால் எல்லாப் படமும் ஒன்றுபோலவே வருகிறது. என்ன செய்வது?

சூரியனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நில்லுங்கள். இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் மனதார வலியுறுத்துவது இது ஒன்றைத்தான்.

கடலுக்கு மேல் சிவப்பு வட்டம், அதற்குக் கீழே தண்ணீரில் ஒரு கோடு என்றால் அது பூம்புகாரா, சென்னையா, பூரியா என்று யாருக்கும் தெரியாது. அதே வெளிச்சம் உங்கள் பின்னால் எதன் மீது விழுகிறது என்று பாருங்கள். கரையேற்றி வைத்த ஃபைபர் படகுகளின் மூக்கு, சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளின் சுவர், பனைமரங்களின் நெட்டுக்குத்தான உடல், ஏலத்துக்கு அன்னக்கூடையோடு காத்திருக்கும் அக்காக்களின் முகம், மணலில் பரப்பிய நெத்திலி. இவை எல்லாம் கிழக்கு பார்த்தே இருக்கின்றன. நம் கரையே கிழக்கு பார்த்த கரை. காலை வெளிச்சம் ஒரு தடையுமில்லாமல் கடல்மட்டத்திலிருந்து நேராக வந்து இவற்றின் மேல் படுகிறது.

உதாரணத்துக்கு வலை செப்பனிடும் ஒரு பெரியவரை எடுத்துக்கொள்ளுங்கள். மணலில் காலை நீட்டி உட்கார்ந்து, கால் கட்டைவிரலில் வலையின் ஓரத்தை மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார். நூல் சுற்றிய ஊசி கிழிந்த கண்ணுக்குள் போய், சுற்றி, முடிச்சு விழுந்து வெளியே வரும். அவர் பெரும்பாலும் அதைப் பார்க்கவே மாட்டார். பக்கத்தில் இருப்பவரிடம் பேசிக்கொண்டிருப்பார். வெளிச்சம் பக்கவாட்டில் தாழ்வாக வரும்போது, அவர் மடியில் குவிந்திருக்கும் பச்சை நைலான் வலை உள்ளிருந்து ஒளிர்வது தெரியும். ஒவ்வொரு இழையும் தனித்தனியாகப் பிரியும். விரல் நுனியில் நூல் அறுத்த பழைய தழும்புகூடத் தெரியும். சூரியன் இன்னும் பத்து டிகிரி ஏறிவிட்டால் அதே வலை வெறும் பச்சை மூட்டைதான். அவர் பக்கத்தில் மணலில் உட்கார்ந்துவிடுங்கள். நின்றுகொண்டு மேலிருந்து எடுத்தால் அவர் தலையும் மணலும் மட்டுமே மிஞ்சும்.

சூரியனைப் படத்தில் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் அதைப் பாய்மரத்துக்கோ படகின் விளிம்புக்கோ பின்னால் பாதி மறையுங்கள். நிழலுருவமாக எடுப்பதானால் உருவங்கள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. இரண்டு பேருக்கு நடுவே ஒரு கீற்று வானம் தெரியும்வரை காத்திருங்கள். கண்ணாடி வழியாகப் பார்க்கும் கேமராவில் ஜூம் லென்ஸ் போட்டு, ஏறிவிட்ட சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். கண் போய்விடும்.

டெல்டா கரையில் சூரியன் மறைவதைத் தண்ணீரில் எங்கே பார்க்கலாம்?

கடலில் தேடாதீர்கள், ஆற்றில் தேடுங்கள். காவிரியின் கிளைகள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடி வருபவை. முகத்துவாரத்தின் அருகே நின்று ஆற்றை எதிர்த்து மேற்கே பார்த்தால் தண்ணீர் நீளத்துக்கும் அந்திச் சூரியன் படுத்திருக்கும். காரைக்காலில் அரசலாறு, நாகையில் படகுகள் அடைந்து நிற்கும் கடுவையாறு, பழையாற்றில் கொள்ளிடம் என்று இப்படிப் பல இடம். வீச்சு வலை போடுகிறவர்களும் பெரும்பாலும் இந்த முகத்துவாரங்களில்தான் இருப்பார்கள். வலை காற்றில் வட்டமாக விரியும் கணம் கண்ணிமைக்கும் நேரம்தான். ஷட்டர் வேகம் 1/1000 நொடி அளவில் இருக்கட்டும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

கோடியக்கரையில் மட்டும் விஷயம் வேறு. அங்கே கரை மேற்கு நோக்கித் திரும்புகிறது, கடல் தெற்கே இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் தென்மேற்கில் மறைவதால் அந்தத் தென்கரையிலிருந்து அதைக் கடல் பக்கமாகவே பார்க்கலாம்.

மற்றபடி கிழக்குக் கரையின் மாலைக்கென்று ஓர் அழகு உண்டு. சூரியன் நமக்குப் பின்னால், வயல்களுக்கு அப்பால் இறங்கிய பத்து நிமிடத்தில், கடலுக்கு மேல் அடிவானத்தை ஒட்டி ஒரு சாம்பல் நீலப் பட்டை எழும்பும். அது பூமியின் நிழல். அதற்கு மேலே ரோஸ் நிறத்தில் இன்னொரு பட்டை. தெளிவான வானம் உள்ள நாளில் அலைநுரையிலும் ஈர மணலிலும் அந்த ரோஸ் நிறம் இறங்கும். பெரும்பாலானவர்கள் 'சூரியன் போயாச்சு' என்று கேமராவை மூடிப் பையில் வைக்கும் நேரம் அது. இன்னும் கால் மணி நேரம் இருங்கள்.

பௌர்ணமிக்கு முந்தைய நாள் மாலையைத் தவற விடாதீர்கள். பௌர்ணமி அன்று சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி நிலா கடலிலிருந்து எழும். நிலா தெளிவாக உயரும்போது கரை இருட்டியிருக்கும். முந்தைய நாள் முக்கால் மணி, ஒரு மணி நேரம் முன்பே எழுந்துவிடும். அப்போது கரையிலும் மஞ்சள் வெயில் இருக்கும், வானத்தில் நிலாவும் இருக்கும். இரண்டையும் ஒரே எக்ஸ்போஷரில் பிடித்துவிடலாம்.

எந்த மாதங்கள் நல்லவை?

தை முதல் பங்குனி வரை. வடகிழக்குப் பருவமழை காற்றைக் கழுவிவிட்டுப் போயிருக்கும். வெயிலில் கடுமை இராது. உள்ளே வயல்களில் சம்பா அறுவடை நடக்கும்; மார்கழியிலும் தையிலும் காலைப் பனி வயலில் தங்கும். கடற்கரைக்கு வந்த வழியிலேயே வண்டியை நிறுத்திப் படம் எடுக்க வேண்டியிருக்கும்.

சூரியன் எழும் இடமும் மாறிக்கொண்டே இருக்கும். நேர்க்கிழக்கிலிருந்து டிசம்பரில் தெற்கே 24 டிகிரி வரையும் ஜூனில் வடக்கே 24 டிகிரி வரையும் போய் வரும். மார்கழியில் கோபுரத்துக்கு வலப்புறம் வந்த சூரியன் ஆனியில் இடப்புறம் வரும். ஒரு படம் மனதில் இருந்து, இப்போது சூரியன் தள்ளி இருக்கிறது என்றால் சில மாதம் பொறுத்து வாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழைக்கு நடுவே வரும் வெளிச்சம் அபாரமாக இருக்கும். கறுத்த மேகம் பின்னால் நிற்க, முன்னால் படகுகள் மீது மட்டும் வெயில் அடிக்கும். ஆனால் அந்த மாதங்களில் வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்பாதீர்கள். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் கரையைக் கடந்தது நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான். நாகைத் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் வீட்டில் இருங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தால் எடுக்க ஒன்றும் இருக்காதா?

நிறைய இருக்கும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்போது அக்கரைப்பேட்டையிலும் பழையாற்றிலும் போட்டுகள் வரிசையாக அணைந்து நிற்கும். சிலவற்றைக் கரையேற்றி அடிப்பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், என்ஜினைப் பிரித்துப் போடுவார்கள். தண்ணீரில் நிற்கும் போட்டின் வயிற்றுப் பக்கத்தைக் காலையில் பாருங்கள். ஆற்றில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் அங்கே நெளிந்துகொண்டே இருக்கும். புதுப் பெயின்டும் அந்த நெளிவும் சேர்ந்தால் தனி அழகு. ஃபைபர் படகுகள் தடைக்காலத்திலும் கடலுக்குப் போகும். அவை எப்போது கரை திரும்பும் என்பது மீனையும் காற்றையும் பொறுத்தது. முந்தைய மாலையே கரையில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

தடைக்காலம் வருமானம் இல்லாத காலம் என்பதையும் மனதில் வையுங்கள். 'சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள்' என்ற பார்வையோடு எடுத்த படம் அப்படியேதான் வரும்.

முகங்கள் இருட்டிவிடுகின்றன, அல்லது வெளிறிவிடுகின்றன. எப்படிச் சரியாக எடுப்பது?

கடலும் வானமும் பின்னால் பளீரென்று இருக்கும்போது கேமரா குழம்பும். கடலைப் பார்த்து அளந்தால் முகம் கறுப்பாகும். முகத்தைப் பார்த்து அளந்தால் கடல் வெள்ளைக் காகிதமாகும். பின்னணியை மாற்றுவதுதான் வழி. நீங்கள் நாலு அடி நகர்ந்து, அவருக்குப் பின்னால் நீலப் பெயின்ட் அடித்த படகோ நிழலான சுவரோ வரும்படி நில்லுங்கள். அவரை நகரச் சொல்லாதீர்கள், அவர் வேலையில் இருக்கிறார்.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். நம் கடற்கரை மக்கள் வெயிலிலும் உப்பிலும் ஊறிய கறுத்த மேனிக்காரர்கள். காலை வெளிச்சம் இந்த மேனியில் விழும்போது கன்ன எலும்பிலும் தோளிலும் ஒரு செம்பு மினுமினுப்பு வரும். வியர்வையும் கடல்நீரும் அதைக் கூட்டும். பல போன்கள் தாமாகவே முகத்தை வெளுத்து, சுருக்கத்தை அழித்து அந்த மினுமினுப்பைக் கொன்றுவிடுகின்றன. பியூட்டி மோடை முழுவதுமாக அணைத்துவிடுங்கள். எக்ஸ்போஷரை (படத்துக்குள் விடும் வெளிச்சத்தின் அளவை) முகத்தின் வெயில் பட்ட பக்கத்துக்கு வையுங்கள். மறுபக்கம் இருட்டில் போனால் போகட்டும். பிறகு கணினியில் அந்த இருட்டைத் தூக்கி வெளிச்சமாக்கவும் வேண்டாம். கறுப்பு கறுப்பாகவே அழகாக இருக்கிறது.

ஏலக் கொட்டகைகளுக்குள் வெளிச்சம் பக்கங்களிலிருந்து மென்மையாக வரும். தரையில் கொட்டிய ஐஸ் கட்டிகள் கீழிருந்து முகத்துக்கு வெளிச்சம் கொடுக்கும். வெயில் ஏறிய பிறகு அங்கே போகலாம்.

ஆட்களை எடுக்க அனுமதி கேட்க வேண்டுமா?

கேட்க வேண்டும். 'அண்ணே, ஒரு படம் எடுத்துக்கலாமா?' என்றால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், தூரத்தில் போய் ஜூம் போட்டு எடுக்காதீர்கள். மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து இன்றும் வலுவானது. இரண்டு மூன்று நாள் தங்கி எடுப்பதாக இருந்தால் முதலில் பஞ்சாயத்தாரைப் பார்த்து, எதற்கு எடுக்கிறீர்கள், படம் எங்கே போகும் என்று சொல்லிவிடுங்கள். அப்புறம் ஊரே உங்களுக்கு உதவும்.

முதலில் கேமராவை எடுக்காமல் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருப்பது நல்லது. என்ன மீன் பட்டது, வாடைக் காற்றா கச்சான் காற்றா என்று கேளுங்கள். கடல் சொல்வதை அவர்கள் சொல்லிக் கேட்கலாம். செருப்புக் காலோடு படகில் ஏறாதீர்கள். விடியற்காலையில் கடற்கரையின் சில பக்கங்கள் ஊராரின் அந்தரங்க இடம். எந்தப் பக்கம் போகக் கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், அந்தத் திசையில் கேமராவைத் திருப்பவே வேண்டாம்.

டிசம்பர் 26 அன்று வருவதாக இருந்தால்: 2004 சுனாமியில் தமிழ்நாட்டிலேயே அதிகம் பேரை இழந்தது நாகை மாவட்டம். அன்று கரையில் பாலும் பூவும் கடலில் விடுவார்கள். அழுகிறவர்களின் முகத்தை நெருங்கி எடுப்பதற்கு எந்த வெளிச்சமும் நியாயம் ஆகாது. கேமரா பையிலேயே இருக்கட்டும்.

தரங்கம்பாடியிலும் பூம்புகாரிலும் எப்படி எடுப்பது?

தரங்கம்பாடியில் டேனியர்கள் 1620-இல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது. கோட்டையின் கடல்முகத்துக்குக் காலை வெளிச்சம்தான். கடல் பக்கம் நின்று கோட்டையைப் பாருங்கள். சுவரின் மங்கிய மஞ்சளும் வெயிலின் மஞ்சளும் ஒன்றுக்கொன்று பொருந்திப்போகும். வடக்கே சற்றுத் தள்ளி மாசிலாமணிநாதர் கோயில், 1306-இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சமிருப்பதையும் எடுத்துக்கொள்ளாமல் இருக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கற்களையும் படத்தில் சேருங்கள். சேர்க்காமல் ஒதுக்கி எடுத்தால் அழகாக இருக்கலாம், ஆனால் கோயிலும் கடலும் எவ்வளவு நெருக்கத்தில் நிற்கின்றன என்பது தெரியாது. மாலையில் கோட்டைக்கு முன்னால் கூட்டம் சேரும். குடும்பங்கள், சுண்டல், பட்டம் என்று அதுவும் ஒரு வாழ்க்கைதான்.

பூம்புகாரில் காவிரி கடலில் சேரும் இடத்தைத் தேடிப் போகிறவர்கள் ஏமாந்துபோவதுண்டு. அணைகளும் கிளைகளும் கடந்து வந்து சேர்வது, பல மாதங்களில், மெலிந்த ஓர் ஓடைதான். அதை அகல லென்ஸில் எடுத்துப் பெரிதாகக் காட்ட முயல வேண்டாம். மணல் திட்டுக்கு நடுவே நன்னீர் நெளிந்து போவதை மெல்லிய கோடாகவே எடுங்கள். ஆடி அமாவாசை, தை அமாவாசைக் காலைகளில் இங்கே நீராடித் திதி கொடுக்க வரும் கூட்டம் அதிகம். ஈர வேட்டியிலும் ஈரச் சேலையிலும் எதிர்வெயில் ஊடுருவும் நேரம் அது. நீராடும் பெண்களை எடுக்கக் கூடாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

வேதாரண்யம் உப்பளங்களில் படம் ஏன் சாம்பலாக வருகிறது?

கேமராவுக்கு வெள்ளை என்பதே தெரியாது. காட்சி முழுதும் வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று நினைத்துக் குறைத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (+/- குறி உள்ள அமைப்பை) ஒரு ஸ்டாப், அதாவது +1, ஏற்றிக்கொள்ளுங்கள். உச்சி வெயிலில் எடுக்கவே வேண்டாம். உப்புக் குவியலுக்கு உருவம் கொடுப்பது சாய்ந்த வெயில்தான். குவியலின் ஒரு பக்கம் தேன் நிறமாகவும் மறுபக்கம் நீலமாகவும் இருக்கும்.

வெயிலுக்குப் பயந்து விடியும் முன்பே வேலை ஆரம்பிக்கிறது. நீளக் கம்பில் கட்டிய பலகையால் பாத்தியின் அடியில் படிந்த உப்பை வாரி வரப்பில் ஒதுக்குவார்கள். பலகை போகும்போது பாத்தித் தண்ணீரில் வானம் சுருங்கி மடிந்து மறுபடி விரியும். பாத்தி வரப்பில்கூடக் கேட்காமல் கால் வைக்காதீர்கள்; ஒரு வரப்பு உடைந்தால் பல நாள் உழைப்பு கரைந்துபோகும். 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பு எடுத்த ஊர் இது. அகத்தியம்பள்ளியில் அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது. வருகிறவர்கள் தூணை எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். இன்றும் அந்த உப்பை வாருகிறவர்களின் பாதங்களை யாராவது பொறுமையாக எடுக்க வேண்டும்.

கோடியக்கரை, முத்துப்பேட்டை?

இரண்டுக்கும் வனத்துறை அனுமதி தேவை. கோடியக்கரைச் சரணாலயம் 1967-இல் அமைந்தது, 2002 முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலிடப்பட்ட ஈரநிலம். குளிர்காலத்தில் பூநாரைகள் வரும். பறவை தலையைத் தூக்கி உங்களைப் பார்த்துவிட்டாலே நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். புல்வெளியில் வெளிமான்கள் மேயும் மாலையில் சூரியனை எதிரே வைத்து எடுங்கள். கொம்பைச் சுற்றியும் முதுகைச் சுற்றியும் ஒளிக்கோடு விழும். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில்தான் போக வேண்டும். காயல் திறந்து கிடக்கும் இடத்தைவிட, இலைகளுக்கு நடுவே வெயில் வடிகிற ஒடுக்கமான கால்வாய்கள் படத்துக்கு நல்லவை.

டிரோன்?

சரணாலயத்தில் கூடாது. மற்ற இடங்களில், எங்கே டிரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாருங்கள், காவல் நிலையத்திலும் சொல்லிவிடுங்கள். இது எல்லைக் கடல், கண்காணிப்பு அதிகம்.

போன் மட்டும்தான் இருக்கிறது. போதுமா?

போதும். திரையில் வெளிச்சமான இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து எக்ஸ்போஷரைப் பூட்டுங்கள், பிறகு சூரியக் குறியைக் கொஞ்சம் கீழே இழுங்கள். நிறம் கெட்டிப்படும். முகங்களுக்கு அகல லென்ஸ் வேண்டாம், மூக்கு பெரிதாகும், 2எக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். அடிவானம் சாயாமல் இருக்கக் கட்டக்கோடுகளை ஆன் செய்யுங்கள். அலை திரும்பிய மறுகணம் ஈர மணல் கண்ணாடியாகும், அடுத்த நொடி உறிஞ்சிவிடும். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரைக்கு அருகில் வரும். அந்தப் பிரதிபலிப்பு முழுதும் கிடைக்கும்.

உப்புக்காற்றிலிருந்து கேமராவை எப்படிக் காப்பது?

லென்ஸுக்கு முன்னால் ஒரு சாதாரண யூவி ஃபில்டர். கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் இன்னொரு முறை துடையுங்கள். உலர்ந்த துணியால் முதலில் தேய்த்தால் உப்புத் துகள் கண்ணாடியைக் கீறும். ஏசி அறையில் தங்கியிருந்தால் கிளம்புவதற்கு அரை மணி முன்பே பையை வெளியே வைத்துவிடுங்கள். இல்லையென்றால் கரையில் லென்ஸ் முழுதும் ஆவி படியும், நல்ல வெளிச்சம் அதற்குள் போய்விடும். டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

பிறகு கணினியில் எவ்வளவு திருத்தலாம்?

ரா ஃபைலாக (கேமரா தானாகத் திருத்தாத மூலக் கோப்பாக) எடுத்திருந்தால் ஒயிட் பேலன்ஸை நிதானமாகச் சரிசெய்யலாம். நிறத்தின் அடர்த்தியைக் கூட்டும் சாச்சுரேஷனைத் தொடாதீர்கள். படத்தில் இருக்கும் மனிதரின் தோலைப் பாருங்கள். அது ஆரஞ்சுப் பழ நிறத்துக்குப் போனால் எல்லை மீறிவிட்டீர்கள். மேகம் மூடிய நாளில் எடுத்த படத்தை மஞ்சளாக்காதீர்கள். சாம்பல் காலையும் இந்தக் கரையின் காலைதான், மீன் அன்றும் விற்கிறது.

எடுத்த படத்தை அவர்களிடம் எப்படிச் சேர்ப்பது?

வாட்ஸாப்பில் அனுப்பலாம், ஆனால் பிரின்ட் போட்டுக் கொடுப்பதுதான் மரியாதை. மயிலாடுதுறை, நாகை, காரைக்கால் ஸ்டுடியோக்களில் அன்றன்றே கிடைக்கும். கடலோர வீடுகளில் வெறும் தாள் சீக்கிரம் சுருண்டுவிடும், அதனால் லேமினேட் செய்துவிடுங்கள். பெயரும் தெருவும் முதல் நாளே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் போகும்போது அவர் கடலில் இருந்தால், வீட்டில் கொடுத்துவிட்டு வரலாம்.